விண்ணப்பத்தில் எங்களுக்கென்று ஒரு கட்டம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. பயிற்சி முடித்து லீவில் ஊர் வந்த நான்கு பெண்பிள்ளைகள், தாங்கள் படித்த பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தடியில் சீருடையோடு நிற்கிறார்கள். "ராணுவத்தில் சேர்ந்த கிராமத்துப் பெண்கள்" என்று தலைப்பு. டீக்கடையில் அந்தத் தாளை மட்டும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர்களுடைய தோள்பட்டையைப் பார்த்தேன். சி.ஆர்.பி.எப். என்ற எழுத்து. மத்திய ரிசர்வ் போலீஸ் படை. அது ராணுவம் இல்லை, மத்திய அரசின் போலீஸ் படை. 21 வருடம் என் தோளிலும் அந்த எழுத்துதான் இருந்தது.

தலைப்பில் தவறு என்று சுட்டிக்காட்ட நான் எழுதவில்லை. எங்கள் ஊரும் அப்படித்தான் சொல்லும். நான் தெருவில் போனால் "பட்டாளத்தக்கா வாராங்க" என்றுதான் பிள்ளைகள் வழிவிடும். ஊர் வாய்நிறையச் சொல்வதை, பத்திரிகை தலைப்பாகப் போடுவதை, அரசாங்கத்துக் காகிதம் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. அந்த நான்கு பெண்களுக்கும் இது இன்று தெரியாது. 20 வருடம் கழித்து ஏதாவது ஒரு கவுன்டரில் நிற்கும்போது தெரியவரும். அதற்குள் இது சரியாக வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் புளியரை. செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போகிற லாரிகள் எல்லாம் எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடியில் நின்றுதான் மலையேறும். கோட்டைவாசல் தாண்டினால் ஆரியங்காவு. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையே அந்தப் பக்கத்தோடுதான் இருந்தது. தாத்தாவின் நிலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கும். அப்பா மலைக்கு அந்தப்புறம் ரப்பர் பால் வெட்டப் போவார். அதனால் நாங்கள் இரண்டு பாஷையும் பேசி வளர்ந்தோம். எங்களுக்குச் சென்னை தூரம், திருவனந்தபுரம் பக்கம். 1996-ல் சி.ஆர்.பி.எப்.புக்குப் பெண்கள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் பள்ளிப்புரம் முகாமுக்குத்தான்.

பகவதிபுரம் ஸ்டேஷனில் மீட்டர்கேஜ் பாசஞ்சரில் ஏறினோம். பதிமூன்று கண் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ வேண்டிக்கொண்டார். கொல்லத்தில் வண்டி மாறி கணியாபுரத்தில் இறங்கினோம். ஓட்டத்துக்கு என்னிடம் உடுப்பு கிடையாது. அண்ணனின் பேன்டை இடுப்பில் இரண்டு ஊக்கு குத்தி மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஓடினேன். உயரம் அளந்த அதிகாரி "மலையாளமோ தமிழோ?" என்று கேட்டார். "ரண்டும் அறியாம் சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். அப்போது எனக்கு வயது 20. எங்கள் தெருவில் அதற்கு முன் பெண்பிள்ளை எவளும் திருநெல்வேலியைத் தாண்டி வேலைக்குப் போனதில்லை.

பயிற்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தக் கடிதம் முடியாது. இந்தி ஒரு சொல் தெரியாமல் போனவள் நான். "தாஹினே முட்" என்றால் வலது என்று புரிவதற்குள் இடது பக்கம் திரும்பி, அதற்கு ரகடா என்ற தண்டனைப் பயிற்சி வாங்கி, முட்டி தேய்ந்து, ராத்திரி அழுது, பிறகு பழகியது. எஸ்.எல்.ஆர். துப்பாக்கி நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும். முதல் நாள் சுட்டதில் தோள் கன்றிப்போய், ஒரு வாரம் தலை பின்னக் கை எழவில்லை. பக்கத்துக் கட்டில் கோட்டயத்துப் பெண் எனக்குப் பின்னிவிடுவாள். ராத்திரி சென்ட்ரி டூட்டியில் இருட்டில் யாராவது வந்தால் "தம்! கோன் ஆத்தா ஹை?", அதாவது நில், வருவது யார் என்று அதட்ட வேண்டும். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

எங்களுக்குப் பயிற்சி தந்த உஸ்தாத்மார் முதலில் சொல்லித்தந்த வரலாறு இதுதான். 1986-ல் தில்லியில் 88-வது மகளிர் பட்டாலியனை எழுப்பினார்கள். முழுக்கப் பெண்களே உள்ள பட்டாலியன் நம் நாட்டில் துணை ராணுவத்துக்கு அதுதான் முதல். இரண்டாவது காந்திநகரில், 135-வது. பயிற்சி முடித்து நான் போனது அங்கே. இப்போது மகளிர் பட்டாலியன்கள் ஆறு இருக்கின்றன.

1998-ல் கல்யாணம். வீட்டுக்காரர் புனலூர்ச் சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். மறுவருடம் மகள் பிறந்தாள். அப்போது பிரசவ லீவு 135 நாள். பேறுகாலத்துக்கு முன்னால் எடுத்த நாள் போக, பிள்ளைக்கு நான்கு மாதம் நிறையும் முன்னே கிளம்ப வேண்டி வந்தது. அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் பார்க்காதபடி அடுக்களைக்குள் போய்விட்டாள். சென்னை வந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ் பிடித்தேன். அகமதாபாத் வரைக்கும் ஒன்றரை நாள். முதல் ராத்திரியே மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. தண்ணீர் குடிக்கக் கொண்டுபோன எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு கக்கூசுக்குள் போய், கதவைத் தாழிட்டு, பாலைப் பீய்ச்சி அந்த ஓட்டையில் ஊற்றினேன். கீழே தண்டவாளம் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் பகலில் இரண்டு தடவை. அந்த டம்ளர் இன்றும் வீட்டில் இருக்கிறது. அதில் நான் எதுவும் குடிப்பதில்லை.

2008-ல் மத்திய அரசுப் பெண்களுக்குப் பிரசவ லீவை 180 நாளாக்கினார்கள். பிள்ளை வளர்க்க 730 நாள் தனி லீவும் தந்தார்கள். படத்தில் இருக்கும் நான்கு பேருக்கும் அது கிடைக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. எனக்கு அது வரும்போது மகளுக்கு ஒன்பது வயது.

இந்த வேலையில் எது பட்டாளம், எது போலீஸ் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் பிரிக்கத் தெரியாது. உள்ளே இருந்த எனக்கும் தெரிந்ததில்லை. ஸ்ரீநகரில் ஒரு குளிர்காலம் முழுக்கச் சோதனைக் கூண்டில் நின்றேன். தோளில் துப்பாக்கி, மேலே குண்டு துளைக்காத சட்டை, கையால் செய்வதோ பெண்களைத் தடவிப் பார்த்து அனுப்பும் வேலை. ஒருநாள் ஒரு கிழவி வந்தாள். அவள் போட்டிருந்த தொளதொளப் பெரனுக்குள் கையை விட்டதும் ஏதோ சுட்டது. பதறிப்போய்க் கையை இழுத்துவிட்டேன். காங்கிரி. மண்சட்டியில் தணல் போட்டுப் பிரம்புக் கூடைக்குள் வைத்து, குளிருக்கு வயிற்றோடு அணைத்துக்கொள்வார்கள். அவள் என் விரலைப் பார்த்துவிட்டு, பெரனை விலக்கி, என் இரண்டு கையையும் பிடித்து அந்தத் தணலுக்கு மேலே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. வரிசை பின்னால் நீண்டுகொண்டிருந்தது. பிறகு நான் அவள் பையையும் சோதித்துத்தான் அனுப்பினேன். அதுதான் வேலை.

2001 டிசம்பர் 13-ஐ எங்கள் படைப் பெண்கள் யாரும் மறக்க மாட்டோம். நாடாளுமன்ற வாசலில் அன்றைக்கு டூட்டியில் இருந்த காவலர் கமலேஷ் குமாரி 88-வது பட்டாலியன்காரி. இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தாய். கையில் ஆயுதம் கிடையாது, ஒரு வயர்லெஸ் மட்டும். உள்ளே வந்த காரில் இருப்பவர்கள் பயங்கரவாதிகள் என்று அடையாளம் கண்டு சத்தம் கொடுத்தாள். வாசல்களை அடைக்க அவகாசம் கிடைத்தது. அவளைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். போர் இல்லாத காலத்து வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருது அசோக சக்கரம். அவள் இறந்த பிறகு அதை அவளுக்குக் கொடுத்தார்கள். ராணுவத்து வீரர்கள் வாங்கும் அதே சக்கரம். அதைக் கொடுக்கும்போது இவள் ராணுவமா, போலீசா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

என் வாழ்க்கையில் பெரிய வருடம் லைபீரியாவில் கழிந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் 14 வருட உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த நாடு. 2007 ஜனவரியில் ஐ.நா. அமைதிப் படைக்கு இந்தியாவிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட சி.ஆர்.பி.எப். பெண்களை அனுப்பினார்கள். முழுக்கப் பெண்களாலான போலீஸ் பிரிவை ஐ.நா. இறக்கியது உலகில் அதுதான் முதல் தடவை. 2016 பிப்ரவரி வரை வருடத்துக்கு ஒரு குழு மாறிக்கொண்டே இருந்தது. இடையில் ஒரு குழுவில் நானும் போனேன். நீலத் தொப்பி.

மன்ரோவியாவில் மழை பெய்வதைப் பார்த்த பிறகு எங்கள் ஊர்ச் சாரலைச் சாரல் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. ஆனால் சந்தைக்குள் போனால் ஊர் நினைப்பு வந்துவிடும். மரச்சீனிக் கிழங்கு குவித்து வைத்திருப்பார்கள். நாம் கிழங்கைத் தின்று இலையை ஆட்டுக்குப் போடுவோம். அவர்கள் இலையை இடித்துக் குழம்பு வைத்துச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். ஜனாதிபதி எலன் ஜான்சன் சர்லீஃப் அலுவலகத்துக்கு எங்கள் பெண்கள்தான் காவல். ஆப்பிரிக்காவில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் பெண் ஜனாதிபதி அவர். ராத்திரியில் அந்த ஊர்ப் போலீசோடு ரோந்து போவோம். அவர்களில் பெரும்பாலானவர்களிடம் துப்பாக்கி இருக்காது. சந்துக்குள் அவர்கள் முன்னால் போக, நாங்கள் பின்னால் துப்பாக்கியோடு நிற்போம். பகலில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்குத் தற்காப்பு சொல்லிக்கொடுத்தோம். சண்டைக் காலத்தில் பெண்களுக்கு என்னவெல்லாம் நடந்தது என்று அவர்கள் சொல்லிக் கேட்டதை நான் எழுத மாட்டேன். முகாமுக்கு வெளியே மூன்று சின்னப் பிள்ளைகள் தினமும் வந்து எங்களைப் பார்த்து சல்யூட் அடித்துவிட்டுப் போகும். "சோல்ஜர் லேடி" என்று கூப்பிடும்.

அந்த நாட்டுப் பாதுகாப்புத் துறையில் பெண்கள் 6 சதவீதமாக இருந்தது எங்கள் பிரிவு இருந்த காலத்தில் 17 சதவீதமாக உயர்ந்தது என்று, கடைசிக் குழு கிளம்பும்போது ஐ.நா.வே சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு வீட்டுக்காரருக்கு போன் போட்டு வாசித்துக் காட்டினேன். மனிதர் லாரியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுக் கேட்டார்.

2017-ல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பிள்ளையை வளர்த்துத் தந்தவளை இனி நான்தான் பார்க்க வேண்டும் என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தலைமைக் காவலராக வெளியே வந்தேன். 2004-க்கு முன்னால் சேர்ந்தவள் என்பதால் எனக்குப் பழைய பென்ஷன் உண்டு. அந்த விஷயத்தில் எனக்குக் குறையில்லை.

அம்மா தவறிய பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. உடம்பில் தெம்பு இருக்கிறது, துப்பாக்கி பிடிக்கத் தெரியும். ஒரு வங்கிக் கிளையில் ஆயுதக் காவலர் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். எந்த வங்கி, எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கே இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். விண்ணப்பத்தை என் பக்கம் திருப்பி ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். முன்னாள் ராணுவத்தினர்: ஆம் / இல்லை. "மேடம், நீங்க சர்வீஸ் பண்ணவங்கன்னு பார்த்தாலே தெரியுது. ஆனா இது எக்ஸ்-சர்வீஸ்மேனுக்குள்ள போஸ்ட். நீங்க இதுல 'ஆம்' போட முடியாது" என்றார். பேனா என் கையில்தான் இருந்தது. முன்னாள் ராணுவத்தினருக்கான ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "நீங்க போலீஸ் கணக்கும்மா, அங்க கேளுங்க" என்றார்கள். போலீஸ் பக்கம் போனேன். "நீங்க சென்ட்ரல்ல. எங்க ரெக்கார்டுல வர மாட்டீங்க" என்றார்கள். ஒரே நாளில் மூன்று வாசல் ஏறி இறங்கினேன். மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கையில் இருந்த விதியைச் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் "எங்க போயிட்டு வாரீங்க?" என்று கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

விதி என்னவென்று பிறகு தேடிப் படித்தேன். முன்னாள் படைவீரர் மறுவேலை விதிகள் 1979-ல் வந்தவை. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றில் இருந்தவர்கள்தான் அதில் வருவார்கள். மத்திய அரசின் குரூப் சி பணிகளில் அவர்களுக்கு 10 சதவீதம், அப்போது குரூப் டி என்றிருந்ததில் 20 சதவீதம். பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் 14.5 சதவீதமும் 24.5 சதவீதமும். அவர்களுக்குக் கிடைப்பதைப் பார்த்து எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்கள் பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவர். அது அவர்கள் ரத்தம் சிந்தி வாங்கியது. ஆனால் நாங்கள் எங்கே நிற்பது?

எங்கள் படைக்கென்று உள்ள 1949-ஆம் வருடத்துச் சட்டம், மத்திய அரசு வைத்திருக்கும் 'ஆயுதப் படை' என்றுதான் எங்களைச் சொல்கிறது. பெயரில் போலீஸ் என்று இருக்கிறது. பென்ஷன் கணக்கு வந்ததும் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். 2004 ஜனவரி 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்றபோது முப்படைக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள், எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. இவர்களும் நாட்டின் ஆயுதப் படைதான், பழைய பென்ஷன் உண்டு என்று 2023 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ராத்திரி பதினோரு மணிக்கு என்னோடு இருந்தவர்கள் எல்லாம் போன் போட்டுப் பேசினோம். அதே வருடம் உச்ச நீதிமன்றத்தில் அதற்குத் தடை வந்தது. கோர்ட்டில் உள்ளதைப் பற்றி நான் பேசக் கூடாது. அது முடிகிறபடி முடியட்டும்.

கோர்ட்டுக்குப் போகாமலே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 2012 நவம்பரில் மத்திய உள்துறை ஒரு உத்தரவு போட்டது. எங்களைப் போல ஓய்வு பெற்றவர்களை 'முன்னாள் மத்திய ஆயுதக் காவல் படையினர்' என்று அழைக்க வேண்டும், முன்னாள் படைவீரர்களுக்கு மாநிலங்கள் தரும் சலுகைகளைப் போல இவர்களுக்கும் தரலாம் என்று அதில் இருக்கிறது. பெயர் வைத்துவிட்டார்கள். தருவதா வேண்டாமா என்பது மாநிலங்களின் கையில். ஹரியானாவில் முன்னாள் ராணுவத்தினரையும் துணை ராணுவத்தினரையும் சேர்த்து ஒரே நலத்துறையாக வைத்திருக்கிறார்கள். நம் மாநிலத்தில் மாவட்டத்துக்கு மாவட்டம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. புதிதாகக் கட்டிடம் கேட்கவில்லை. அதே அலுவலகத்தில் எங்களுக்கும் ஒரு மேசை, எங்கள் பெயரை எழுத ஒரு பதிவேடு. எங்கள் பெயர் ஒரு விண்ணப்பத்தில் இருக்கும், பத்தில் இருக்காது. அரசு வேலை, பிள்ளைகளின் கல்லூரி இடம், வீட்டு மனை என்று எதற்கு விண்ணப்பம் அச்சடித்தாலும், முன்னாள் ராணுவத்தினர் என்ற கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் வேண்டும். நாங்கள் பொய் சொல்லாமல் 'ஆம்' என்று எழுதக்கூடிய ஒரு கட்டம்.

பெண்களுக்காகத் தனியாக ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வேலையைப் பாதியில் விடுவது அதிகமும் நாங்கள்தான். என்னோடு சேர்ந்தவர்களில் எட்டு வருடத்தில், பத்து வருடத்தில், மாமியாருக்கு முடியவில்லை, பிள்ளை பேச மாட்டேன் என்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். 20 வருடம் நிறையாததால் பென்ஷன் கிடையாது. ஊரில் வந்து தீப்பெட்டி ஒட்டுகிறவள்கூட இருக்கிறாள். துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அவளுக்குக் கை வரும். அந்த எட்டு வருடத்துக்கு எந்தக் காகிதத்திலும் இடமில்லை. நான் ஒரு ஜவுளிக்கடையில் கொஞ்ச நாள் லேடி செக்யூரிட்டியாக நின்று பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரம், நாற்காலி கிடையாது. விட்டுவிட்டேன்.

இப்போது காலை ஐந்து மணிக்குக் குளத்தங்கரை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பெண்பிள்ளைகளை ஓட விடுகிறேன். காசு வாங்குவதில்லை. மலைக்கு மேலே இருந்தும் இரண்டு பேர் வருகிறார்கள், எஸ்டேட்டுத் தமிழ்ப் பிள்ளைகள். எங்கள் கோடு ஒரு சுற்று 200 மீட்டர். மத்தியப் படைக் காவலர் தேர்வில் பெண்களுக்கு 1.6 கிலோமீட்டர், எட்டரை நிமிடம். அதாவது எட்டுச் சுற்று. 2024 முதல் எழுத்துத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று ஆகிவிட்டது. இந்தி தெரியாமல் முட்டி தேய்ந்தவளுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய விஷயமென்று. சி.ஆர்.பி.எப்.பிலும், விமான நிலையங்களைக் காக்கும் சி.ஐ.எஸ்.எப்.பிலும் காவலர் பணியில் பெண்களுக்கு 33 சதவீதம் என்று 2016-ல் அறிவித்தார்கள். ஆனால் மத்தியப் படைகள் எல்லாவற்றிலும் சேர்த்துப் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேரை எட்டவில்லை என்று நாடாளுமன்றத்திலேயே கணக்கு சொல்கிறார்கள். இடம் இருக்கிறது, போகத்தான் ஆளில்லை. நம் பிள்ளைகள் போக வேண்டும்.

அவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "அக்கா, பட்டாளமா போலீசா, எதுக்குப் போகட்டும்?" முன்பு இந்தக் கேள்விக்கே இடமில்லை. சாதாரணச் சிப்பாயாகப் பெண்களை ராணுவம் எடுத்ததே இல்லை. 2019-ல்தான் ராணுவப் போலீஸ் பிரிவில் கதவைத் திறந்தார்கள். முதல் தொகுதிப் பெண்கள் 83 பேர் 2021 மே மாதம் பெங்களூருவில் பயிற்சி முடித்து வந்தார்கள். பிறகு அக்னிபத் என்று குறுகிய காலத்துக்கு ஆள் எடுக்கும் திட்டம் வந்தது. அதில் சேர்கிறவர்களுக்கு அக்னிவீரர் என்று பெயர். நான்கு வருடம், முடிவில் கையில் சுமார் 11.71 லட்சம் ரூபாய், நூற்றுக்கு 25 பேர் வரை வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் ஊருக்கு. பென்ஷன் கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் கிடையாது என்று திட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

என் மைதானத்தில் ஓடிய ஒருத்தி அப்படி 2023-ல் பெங்களூருக்குப் போனாள். அப்பா சாவடிப் பக்கம் டயர் பஞ்சர் ஒட்டுகிறவர். அவளுக்கு 2027-ல் நான்கு வருடம் முடிகிறது. நிறுத்திக்கொள்ளாவிட்டால் சி.ஆர்.பி.எப்.புக்கு வருகிறேன் என்கிறாள். முன்னாள் அக்னிவீரர்களுக்கு மத்தியப் படைகளில் இட ஒதுக்கீடு உண்டு. நல்ல வழிதான், நானே சொல்லிக்கொடுத்த வழி. ராணுவத்தில் நான்கு வருடம் இருந்து, எங்கள் படையில் 20 வருடம் இருந்து, 24 வருடம் சீருடையைக் கழற்றாத ஒரு பெண் நாளைக்கு ஊருக்கு வருவாள். அந்த வங்கித் தம்பி அவள் முன்னாலும் அதே கட்டத்தில் விரலை வைப்பார். ராணுவத்தில் இருந்தவளாயிற்றே என்று கேட்டால் அந்தஸ்து இல்லை. படையில் இருந்தவளாயிற்றே என்றால் அது போலீஸ். அவள் எழுத வேண்டியது 'இல்லை' என்பதுதான். எனக்கு நடந்ததை நான் தாங்கிக்கொண்டேன். அவளுக்கு நடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

என் மகள் சீருடைக்குப் போகவில்லை. தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருக்கிறாள். நான் வற்புறுத்திய காலத்தில் ஒருநாள், "போட்டோவுல உன்னப் பார்த்தே வளந்தேம்மா. எம் பிள்ள அப்படி வளர வேண்டாம்" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவள் சொன்னதும் நியாயம், இந்தப் பிள்ளைகள் ஓடுவதும் நியாயம். எனக்கு இரண்டையும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

ஆசிரியர் அவர்களே, அந்தத் தலைப்பை நீங்கள் திருத்த வேண்டாம். அதைப் போட்ட உங்கள் நாளிதழே, அதற்குத் தகுந்த கட்டத்தை விண்ணப்பத்தில் போடச் சொல்லி ஒரு தலையங்கம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நான் மனு எழுதி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுப்பேன். என்னோடு மூன்று பேர் வருகிறார்கள், அதில் ஒருத்தி அந்தத் தீப்பெட்டி ஒட்டுகிறவள்.

ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தை எடுத்த உங்கள் நிருபர் அந்தப் பிள்ளைகளைத் திரும்பப் பார்த்தால் சொல்லச் சொல்லுங்கள். இடமிருந்து இரண்டாவதாக நிற்கிறவளுக்கு இடது பூட்ஸின் கயிறு வெளியே தொங்குகிறது. முடிச்சுப் போட்டு மிச்சத்தை உள்ளே செருக வேண்டும். ஓடும்போது கால் தட்டிவிடும்.

இப்படிக்கு,
தலைமைக் காவலர் (ஓய்வு), மத்திய ரிசர்வ் போலீஸ் படை,
புளியரை, தென்காசி மாவட்டம்.